ஒரே தெரு, ஒரே மேஸ்திரி கட்டிய வீடு, கரண்ட் பில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டு அக்கா

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் வீட்டில் ரீடிங் எடுத்தார்கள். 512 யூனிட், கட்ட வேண்டியது 2,141 ரூபாய். முந்தைய இரண்டு மாதத்துக்கு இதில் பாதிகூட வரவில்லை. பேப்பரைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முதலில் திரும்பியது சமையலறைப் பக்கம்தான். "மிக்ஸி, கிரைண்டரைக் குறைச்சுக்கோ" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை.

நான் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள். வியாழக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது கரண்ட் அட்டையும் எடுத்து வாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் தெருவில் மூன்று வீடுகள் ஒரே மேஸ்திரி கட்டியவை. அளவும் ஒன்று, மேலே கான்கிரீட் தளமும் ஒன்று. ஒரு வீட்டில் 180 யூனிட், இன்னொன்றில் 330, எங்கள் வீட்டில் 512.

180 வீட்டில் ஒரு அம்மாவும் கல்லூரிக்குப் போகும் மகளும் இருக்கிறார்கள். 330 வீட்டில் ஐந்து பேர், ஆனால் காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். எங்கள் வீட்டில் மாமனார் நாள் முழுக்க இருக்கிறார், பையன் பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான். அப்புறம் ஒரு ஏ.சி. இருக்கிறது. அதை வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை ஓசூரில் குளிர்ந்த காற்றில் வளர்ந்தவர், நம் ஊர்ப் புழுக்கத்தில் எப்படித் தூங்குவார் என்று கடன் வாங்கி மாட்டினோம். அவர் நான்கு நாள் இருந்துவிட்டுப் போனார். அதன் பிறகு கோடை வந்ததும் அது எங்களுக்கே பழகிவிட்டது.

நான் கேட்பது இதுதான். "தேவையில்லாதபோது சுவிட்சை அணையுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் மூன்று வீட்டிலும் அணைக்கத்தான் செய்கிறோம். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்றால் அதைத் தீர்மானிப்பது எது? உங்கள் வீட்டில் எத்தனை பேர், என்ன கூரை, பில் கட்டுவது யார், எத்தனை யூனிட் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் வயர்மேன்

அக்கா, முதலில் உங்கள் பில்லைப் பிரித்துச் சொல்கிறேன். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35, 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. சரியாக 500-ல் நின்றிருந்தால் உங்களுக்கு 1,805 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 101-லிருந்து 200 வரைக்கும் 4.70 ஆகிவிடும். மேலே போனதற்கு 8.40. அதனால்தான் கடைசி 12 யூனிட்டுக்கு மட்டும் 336 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. அந்த 12 யூனிட் உங்கள் ஏ.சி. ஓடிய இரண்டு ராத்திரிக் கணக்குதான்.

கிரைண்டரைப் பற்றிச் சார் சொன்னது தவறு. டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட். வாரம் இரண்டு முறை, முக்கால் மணி நேரம் ஆட்டினாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட் வரும். மிக்ஸி 500 வாட்தான் என்றாலும் நாளைக்குப் பத்து நிமிடம் ஓடுவதே அதிகம், ஐந்து யூனிட். இரண்டையும் நிறுத்திவிட்டு அம்மியில் அரைத்தாலும் பில்லில் பெரிதாக எதுவும் குறையாது.

குறைய வேண்டிய இடம் ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்தது) 30 வாட்டில் அதே காற்றைத் தரும், அது 27 யூனிட்டில் முடிந்துவிடும். ஒரு ஃபேனில் 40 யூனிட் மிச்சம். உங்கள் வீட்டில் மாமனார் அறை, பையன் அறை, ஹால் என்று மூன்றை மாற்றினால் 120 யூனிட்.

அடுத்தது மோட்டார். நம் பக்கம் போர் ஆழம் எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் போய்விடும். டேங்க் நிரம்பி வழிகிற நேரமும் மீட்டர் ஓடத்தான் செய்யும். டேங்க் நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவை சுவிட்ச் ஒன்று போட்டுவிடுங்கள், அதற்குப் பெரிய செலவில்லை.

ஓசூர் லைன் வீடு

அக்கா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. மூன்று பேர் ஒரு ரூம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வரிசையாக எட்டு ரூம், எட்டுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ், அதாவது ஒரே மின் இணைப்பு. ரூமுக்கு ஒரு சப் மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்.

எங்கள் ரூமில் இருப்பது ஒரு ஃபேன், ஒரு லைட், குளியல் தண்ணீருக்கு ஒரு ராடு, மூன்று போன் சார்ஜர். ஒருவர் வேலைக்குப் போனால் இன்னொருவர் தூங்குவார், அதனால் ஃபேன் நிற்பதே இல்லை. இரண்டு மாதத்துக்கு 140 யூனிட் வருகிறது, 1,400 ரூபாய். வயர்மேன் அண்ணா சொன்ன கணக்குப்படி தனி சர்வீஸ் இருந்தால் எங்களுக்கு முதல் 100 இலவசம், மீதி 40-க்கு 94 ரூபாய். 1,400 எங்கே, 94 எங்கே.

நான் எழுத வந்தது இதற்காகத்தான். 100 யூனிட் இலவசம் 2016-ல் வந்தது. சொந்த வீடும் தன் பெயரில் மீட்டரும் உள்ளவருக்கு அது போய்ச் சேர்ந்தது. எங்களைப் போல் ஊர் விட்டு வந்து குடியிருப்பவனுக்கு வரவில்லை. ஏ.சி. ஓட்டுகிற பெரிய வீட்டுக்காரர்கூட எல்லா யூனிட்டுக்கும் சராசரி பார்த்தால் என்னைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார்.

சிக்கனமாக இருக்கச் சொன்னால் இருக்கத் தயார். புது ஃபேன் வாங்கலாம் என்று மூவரும் பேசினோம். அது மாட்டினால் மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம், ஒரு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். ஆனால் அந்த ரூமில் இன்னும் எத்தனை மாதம் இருப்போம் என்று தெரியாது. வீட்டுக்காரர் மாட்டிய பழைய ஃபேனைக் கழற்ற அவர் சம்மதிக்கவும் இல்லை. அவருக்கு ஃபேன் எத்தனை வாட் என்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே, பில் கட்டுவது நாங்கள்தானே.

அரூர் வாத்தியார்

தம்பி சொன்னது என்னை யோசிக்க வைத்துவிட்டது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் தெருவில் டி.வி. இருந்தது இரண்டு வீட்டில். 2006-ல் இலவச கலர் டி.வி. வந்தது, 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. அப்புறம் 100 யூனிட் இலவசம். பொருளும் சும்மா வந்து, கரண்டும் சும்மா வந்தால் அதன் அருமை தெரியாமல் போய்விடாதா என்று எனக்குப் பல நாளாகக் கேள்வி. மாணவர் வீடுகளுக்குப் போகும்போது பார்க்கிறேன், ஆள் இல்லாத அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

பாலக்கோட்டு அம்மா எல்லோருடைய அட்டையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார் அல்லவா, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் என்ற ஊரில் இதையே சோதனையாகச் செய்தார்கள், 2007-ல் முடிவு வெளியானது. கிட்டத்தட்ட 290 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் "நீங்கள் இவ்வளவு செலவழிக்கிறீர்கள், அக்கம்பக்கத்தின் சராசரி இவ்வளவு" என்று எழுதிக் கதவில் மாட்டினார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஆனால் குறைவாகச் செலவழித்தவர்கள் கூட்டிவிட்டார்கள்! ஊரே இவ்வளவு செலவழிக்கிறது, நாம் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று தோன்றியிருக்கும். சில வீடுகளுக்கு எண்ணோடு சேர்த்து, குறைவாகச் செலவழித்ததைப் பாராட்டும் விதமாக ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்தார்கள். அந்த வீடுகள் கூட்டவில்லை. அம்மா, உங்கள் குழுவில் அந்த 180 யூனிட் வீட்டாரைப் பார்த்து யாராவது "பாவம்" என்று சொன்னார்களா, "பரவாயில்லையே" என்று சொன்னார்களா? அதைப் பொறுத்து அடுத்த ரீடிங் மாறலாம்.

பாலக்கோட்டு அக்கா

வாத்தியார் ஐயா, நீங்கள் கேட்டது சரியான இடத்தில் தைத்தது. "பாவம், அவங்க வீட்ல ஒன்னுமே இல்லையே" என்றுதான் இரண்டு பேர் சொன்னார்கள். அந்த அம்மா அட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கப் பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்றுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேர் இருக்கப்போகும் வீட்டுக்கு அவ்வளவு பெரிய ஃப்ரிட்ஜ் எதற்கு என்று நாம் கேட்கலாம். சீர் வண்டியில் சின்னதாக ஏற்றினால் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை. அது பத்துப் பதினைந்து வருடம் இரவு பகலாக ஓடும் பொருள். எங்கள் ஏ.சி.யும் அப்படி வந்ததுதானே.

இலவசம் கொடுத்ததால் அருமை தெரியவில்லை என்று சொன்னீர்கள், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிரைண்டர் வருவதற்கு முன் எங்கள் மாமியார் ஆட்டுக்கல்லில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆட்டுவார். இடுப்பு வலியோடுதான் கடைசிவரை இருந்தார். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. இரண்டு யூனிட்டில் அது முடிந்துவிட்டதென்றால் அந்த இரண்டு யூனிட் மிக நன்றாகச் செலவானது.

பென்னாகரம் பேத்தி

அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. எல்லோரும் கரண்ட் பற்றியே பேசுகிறீர்கள், அடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு உஜ்வாலா திட்டத்தில், ஏழை வீட்டுப் பெண்களுக்குக் கேஸ் இணைப்பு கொடுக்கும் திட்டத்தில், கேஸ் வந்தது. அந்தத் திட்டம் 2016 மே மாதம் தொடங்கியது, எங்களுக்கு அதற்குப் பிறகு கிடைத்தது. இன்றும் கேஸில் நடப்பது டீயும், விருந்தாளி வந்தால் சமையலும்தான். களி விறகு அடுப்பில், குளிக்கத் தண்ணீர் விறகு அடுப்பில். ஆயா பழமையில் ஊறியவர் என்று நானும் முன்பு நினைத்ததுண்டு. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேழ்வரகு மாவு வெந்ததும் குண்டானைக் காலால் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் போட்டு அழுத்திக் கிண்ட வேண்டும். அடுப்பு தரையில் இருந்தால்தான் அது முடியும். மேடைமேல் இருக்கும் கேஸ் அடுப்பில் குண்டான் நிற்காது. இந்த அடுப்பைச் செய்தவர்கள் யாரும் களி கிண்டிப் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்று பணம். 14.2 கிலோ சிலிண்டருக்கு முழுத் தொகையும் ஒரே நாளில் கையில் வேண்டும், மானியம் பிறகுதான் வங்கிக்கு வரும். வாரக் கூலி வாங்கும் வீட்டில் அவ்வளவு பணம் ஒன்றாக எப்போது நிற்கும்? விறகுக்குக் காசு வேண்டாம், ஆயாவின் காலை நேரம் போதும். வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் கட்டித் தலையில் தூக்கி வருவார். அதை யாரும் செலவாகப் பார்ப்பதில்லை. புக் பண்ணுகிற போனும் மாமா கையில்தான் இருக்கிறது. கேஸ் தீர்ந்துவிட்டதென்று ஆயா சொல்லி, மாமாவுக்கு ஞாபகம் வந்து, வண்டி எங்கள் ஊர் ரோட்டு முனைக்கு வருவதற்குள் பத்து நாள் ஆகிவிடும். புகையில் ஆயாவுக்கு இருமல் நிற்பதே இல்லை.

போன மாதம் 5 கிலோ சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தோம். ஒரு தடவைக்குக் கொடுக்கும் பணம் சிறிது என்பதால் இடைவெளி விடாமல் வாங்க முடிகிறது. தண்ணீர் காய வைப்பதாவது இப்போது கேஸுக்கு வந்திருக்கிறது.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் ஃப்ளோரைடு தண்ணீர் பயத்தில் பல வீடுகளில் குடிதண்ணீரை அரை மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். நான் நர்சிங் படிக்கிறேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். கொதித்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இருப்பதும் அடர்த்தியாகிவிடும். நன்றாகக் கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். ஃப்ளோரைடு பிரச்சினைக்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அந்தக் குழாய் வருகிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள், போர் தண்ணீர் மற்ற வேலைக்குப் போதும்.

பாலக்கோட்டு அக்கா

ஐயோ, நாங்களும் அப்படித்தான் கொதிக்க விடுகிறோம் பாப்பா! எத்தனை சிலிண்டர் இதில் போயிருக்குமோ. நாளைக்கே குழுவில் சொல்கிறேன்.

தளிக்காரன்

எங்கள் பக்கம் கதை வேறு. தளி, தேன்கனிக்கோட்டையில் மார்கழி தை வந்தால் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தொட முடியாது. இங்கே பில்லை ஏற்றுவது கீசர். 2000 வாட், தினமும் அரை மணி என்றாலும் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். வீட்டில் ஆறு பேர் என்றால் அரை மணியில் எங்கே முடியும்.

மொட்டை மாடியில் சோலார் பேனல் போடலாம் என்று இறங்கினேன். 2024 பிப்ரவரியில் அறிவித்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளைக்கு நான்கு யூனிட் அளவுக்குக் கொடுக்கும். கணக்குப் பார்த்தால் நல்ல திட்டம்.

நான் நின்றது சர்வீஸ் இணைப்பில். அது இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகிறது, வீடு அப்பாவுக்கும் இரண்டு சித்தப்பாவுக்கும் பொது. பெயர் மாற்ற மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சித்தப்பாவோடு பேச்சு இல்லை. சூரியன் கொடுக்கிற கரண்டை வாங்கக் குடும்பச் சண்டை தீர வேண்டியிருக்கிறது. ஓசூர் தம்பிக்குக் கூரையே இல்லை, எனக்குக் கூரை இருந்தும் என் பெயரில் இல்லை. இந்த மானியமெல்லாம் போய்ச் சேருவது சொந்தக் கூரையும், தகராறு இல்லாத பத்திரமும், முன்பணமும் ஒன்றாக இருக்கிற வீட்டுக்குத்தான்.

அரூர் வாத்தியார்

மூன்று பேர் எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். அணைக்காத ஃபேனைப் பார்த்து நான் இலவசத்தைக் குறை சொன்னேன். அது தவறான இடம் என்று இப்போது நினைக்கிறேன். அந்த ஃபேனை மாற்ற முடியாத நிலைமையை நான் பார்க்கவே இல்லை.

ஆனாலும் பிள்ளைகளுக்குக் கணக்கு தெரிய வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் ஒவ்வொருவரும் தன் வீட்டு மீட்டரை ஞாயிறு மாலையில் பார்த்து எழுதி வரச் சொல்லப்போகிறேன். எண்ணை வகுப்பில் சத்தமாகப் படிக்க மாட்டோம், போன வாரத்தைவிட இந்த வாரம் எப்படி என்று அவரவர் நோட்டில் மட்டும்தான். குடிசையில் ஒரு விளக்கோடு இருக்கும் பிள்ளையும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

காவேரிப்பட்டணம் வயர்மேன்

வாத்தியார் சார், மிகவும் சரி. 500-ஐ ஒட்டி இருக்கிற வீட்டுக்கு வாராவாரம் பார்ப்பதுதான் மருந்து. ஏழாவது வாரம் 430 ஆகிவிட்டதென்று தெரிந்தால் மீதி நாளுக்கு ஏ.சி.யை 26-ல் வைத்து ஃபேனோடு ஓட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். பேப்பர் வந்த பிறகு பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஓசூர் தம்பி, உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு தடவை இப்படிப் பேசிப் பாருங்கள். எட்டு ரூமும் ஒரே மீட்டரில் ஓடுவதால் அவருக்கு யூனிட்டில் பெரும் பகுதி மேல்படிக் கட்டணத்தில்தான் வரும், அதைச் சொல்லித்தான் உங்களிடம் பத்து ரூபாய் வாங்குவார். தனி வாசல், தனிச் சமையல் உள்ள போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் கேட்கலாம். தன் பெயரிலேயே அவர் வாங்கலாம், இடம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் வேண்டாம். வயரிங் பிரிக்கிற செலவை நீங்கள் எட்டு ரூமும் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லுங்கள்.

ஓசூர் லைன் வீடு

அண்ணா, நேற்று வாடகை கொடுக்கும்போது பேசினேன். "ஆடி போகட்டும், பார்க்கலாம்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. நாலாவது ரூமில் குடும்பமாக இருக்கிறவர்களுக்குத் தனிச் சமையலறை இருக்கிறது, முதலில் அதற்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். ஃபேனுக்கும் சம்மதித்துவிட்டார், காலி பண்ணும்போது எங்கள் ஃபேனைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிட வேண்டும். மூன்று பேரும் ஆளுக்கு ஆயிரம் போடுகிறோம்.

பாலக்கோட்டு அக்கா

தம்பி, சந்தோஷம். எங்கள் பக்கச் சேதியும் சொல்கிறேன். குழுவில் உள்கடன் கொடுக்கும்போது ஃபேன் வாங்கவும் கொடுக்கலாம் என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம், மாதத் தவணை முந்நூறு. ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் மாமனார் அறைக்கு. வீட்டுக்காரரிடம் வயர்மேன் தம்பியின் கணக்கைப் படித்துக் காட்டினேன். கிரைண்டர் பேச்சை விட்டுவிட்டு, மிதவை சுவிட்ச் வாங்கி வந்திருக்கிறார்.

அந்த 180 யூனிட் அம்மாவிடமும் தனியாகப் பேசினேன். எல்லோரும் உங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். ஃப்ரிட்ஜ் தவணையில் இதுவரை இரண்டுதான் கட்டியிருக்கிறாராம், கடையில் பேசிச் சின்னதாக, ஐந்து நட்சத்திரம் போட்டதாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று என்னிடம் கேட்டார். சனிக்கிழமை நானும் அவரோடு கடைக்குப் போகிறேன். இரண்டு பேருக்கு எத்தனை லிட்டர் போதும் என்று தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.